எந்தத் தோட்டா நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வீட்டுப் பாதுகாப்பு பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பூட்டு, கேமரா, நாய் பற்றியெல்லாம் யாரும் கேட்கவில்லை. கைத்துப்பாக்கி வாங்கப் போகிறோம், எந்தக் காலிபர், அதாவது எந்த விட்ட அளவுக் குண்டு, வாங்கலாம் என்பதுதான் பெரும்பாலான கடிதங்களில் இருந்தது (.45, .40 என்பவை அங்குலக் கணக்கு). பாளையங்கோட்டையில் என்.சி.சி. மாணவியாகத் தரையில் படுத்து .22 ரைஃபிள் சுட்ட காலத்திலிருந்து எனக்குத் துப்பாக்கி பழக்கம். இப்போது டாலஸ் பக்கம் வார இறுதிகளில் கைத்துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிளானோவிலிருந்து ஒரு வாசகி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் குடியுரிமை வாங்கிவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டை உடைத்துப் புகுந்ததிலிருந்து பிஸ்டல் வாங்க வேண்டும் என்ற பேச்சு ஓடுகிறது. ".45 தான் வேண்டும், ஒரே குண்டில் ஆள் விழுந்துவிடுவான்" என்கிறார் அவர். 9 மி.மீ. போதும் என்கிறான் என் தம்பி. கடைக்காரர் .40 எடுத்துக் காட்டுகிறார். யார் சொல்வது சரி?

உங்கள் தம்பி சொல்வது சரி. ஆனால் வீட்டுக்காரர் சொல்வதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதியபோது, அமெரிக்கப் படையினரின் .38 ரிவால்வர் குண்டு பட்டும் ஆட்கள் நிற்காமல் வந்தார்கள். அதன்பின் 1904-இல் ராணுவம் அமைத்த ஒரு குழு, சிகாகோ கால்நடைக் கொட்டில்களில் மாடுகளின் மீதும், வேறு இடத்தில் இறந்த மனித உடல்கள் மீதும் சுட்டுப் பார்த்தது. .45-க்குக் குறைந்த குண்டு கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 ஏ.சி.பி. தோட்டாவும் 1911 பிஸ்டலும் அந்த வழியில் வந்தவை. எழுபது ஆண்டுக்கும் மேலாக அமெரிக்க ராணுவத்தின் இடுப்பில் இருந்த துப்பாக்கி அது. அந்த மரியாதைதான் இன்றைக்கும் கடைகளிலும் வீடுகளிலும் பேசுகிறது.

அப்போதைய குண்டுகள் உருண்டை முனையுள்ளவை. உடலுக்குள் விரியாது. விரியாத குண்டாக இருந்தால் தடிமனானதுதான் பெரிய துளை போடும், அதில் சந்தேகமில்லை. இப்போது தற்காப்புக்கு நாம் வாங்குவது ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு. ஈரமான திசுவுக்குள் போனதும் அந்தக் குழி நிரம்பி, செப்பு உறை இதழ் இதழாக மடிந்து குண்டு அகலமாகிறது. 9 மி.மீ. குண்டு நன்றாக விரிந்தால் 14, 15 மில்லிமீட்டர் வரை வரும். விரியாத .45-இன் விட்டம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர்தான். .45-இலும் ஹாலோ பாயின்ட் உண்டு, அது இன்னும் அகலமாகும். ஆனால் எலும்பும் ரத்தக்குழாயும் உள்ள உடலில் அந்தச் சில மில்லிமீட்டரை நம்பி முடிவெடுக்க முடியாது.

சக்தியை வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 124 கிரெய்ன், அதாவது 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகிறது. 230 கிரெய்ன், அதாவது 15 கிராம் அளவுள்ள .45 குண்டு சுமார் 255 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் இரண்டுமே ஏறத்தாழ 490 ஜூல் பக்கம் வந்து நிற்கும்.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய தோட்டாக்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு வங்கிக் கொள்ளையரைக் காரில் மறித்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம் அது. ஆனாலும் அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

அதிலிருந்துதான் எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. மனிதத் திசுவுக்கு ஈடாக 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட வேண்டும். வெறுங்கட்டியில் ஒரு முறை, தடித்த துணி போர்த்தி ஒரு முறை, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, தகரம், கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால் வைத்து ஒரு முறை. குண்டு குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மார்பு அவ்வளவு ஆழமா என்று கேட்பீர்கள். நேருக்கு நேர் நிற்பவனைச் சுடும்போது குண்டு பெரும்பாலும் நீட்டிய கையைத் துளைத்துவிட்டுத்தான் மார்புக்கு வரும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் தோள் குறுக்கே நிற்கும். மயாமியில் நடந்ததும் அதுதான்.

உங்கள் கடைக்காரர் காட்டும் .40 அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 1990-இல் வந்தது. எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. அதன் சற்று அடக்கமான வடிவமாக .40 வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் போலீஸ் துறைகளில் கோலோச்சியது. இதற்கிடையில் 9 மி.மீ. குண்டுகளைச் செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஜெலட்டின் சோதனையை வைத்தே குண்டின் உறையையும் குழியையும் மாற்றி மாற்றிச் செய்து, 12 அங்குலத்தைத் தொட வைத்துவிட்டார்கள். 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 மி.மீ.-க்கே வந்தது. ஆழத்திலும் விரிவிலும் பெரிய வேறுபாடு இல்லை, அதே நேரம் அதிகாரிகள் 9-இல் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பதுதான் காரணம். உங்களுக்கும் எனக்கும் பொருந்தக் கூடிய காரணமும் இந்தக் கடைசி ஒன்றுதான்.

ஒரே குண்டில் ஆள் விழுந்துவிடுவான் என்று வீட்டுக்காரர் சொல்வது கைத்துப்பாக்கிக்குப் பொருந்தாது. எந்தக் காலிபரிலும் பொருந்தாது. மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் ஒழிய, ரத்தம் இழந்துதான் ஒருவன் செயலிழப்பான். அதற்குப் பல வினாடி ஆகும். அந்த நேரத்தில் அவன் உங்களை நோக்கி வந்துகொண்டிருப்பான். இரண்டாவது குண்டையும் மூன்றாவது குண்டையும் அதே இடத்தில் வைக்க உங்களால் முடிகிறதா என்பதுதான் கேள்வி.

என் வகுப்பில் இதைக் கண்ணால் காட்டுவேன். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) நல்ல தோட்டாக்களுக்கு நடுவே, சுடுகிறவருக்குத் தெரியாமல் ஒரு டம்மி தோட்டாவை வைத்துவிடுவேன். .45-ஐ முதன்முதலாகக் கையில் பிடித்தவர் முதல் இரண்டு குண்டுகளைச் சுடுவார், துப்பாக்கி எகிறும். அடுத்து டம்மி வரும். வெடிக்காது, 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும். ஆனால் வராத உதைக்கு முன்கூட்டியே அஞ்சி, கை குழலைக் கீழே அமுக்கியிருக்கும். முனை இரண்டு விரற்கடை இறங்குவதை அவரே பார்ப்பார். ஏழு கெஜத் தூரத்தில் அவர் குண்டுகள் ஏன் இடுப்புக்குக் கீழே போயின என்று நான் விளக்கவே வேண்டியதில்லை. அதே ஆளிடம் 9 மி.மீ. துப்பாக்கியைக் கொடுத்தால் அந்த அமுக்கல் சில வாரத்தில் அடங்கிவிடும். .45-இல் அடங்கவே அடங்காது என்று சொல்லமாட்டேன், நிறையச் சுட வேண்டும், அதற்குக் காசும் பொறுமையும் வேண்டும்.

காசும் ஒரு விஷயம்தான். பயிற்சிக்கான சாதாரண 9 மி.மீ. தோட்டா இங்கே பெரும்பாலும் முப்பது சென்ட்டுக்குள் கிடைக்கும். .45-க்கு அதைவிட நன்றாகவே கூடுதலாகும். மாதம் ஒரு முறை ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடத்துக்கு) போய் நூறு தோட்டா சுடுகிற குடும்பத்துக்கு வருடக் கடைசியில் அது பெரிய தொகை. விலை பார்த்துப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இருவரும் ரேஞ்சுக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள். காது, கண் கவசம் போட்டுக்கொண்டு மூன்று காலிபரையும் சுட்டுப் பாருங்கள். ஏழு கெஜத்தில் ஒரு காகிதத் தட்டை ஒட்டி, ஐந்து வினாடிக்குள் ஐந்து குண்டும் தட்டுக்குள் விழுகிறதா பாருங்கள். வீட்டுக்காரருக்கு .45-இல் அது வருகிறது என்றால் அவர் தாராளமாக .45 வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இருவரும் எடுக்கப்போகும் ஒரே துப்பாக்கி என்றால், இருவரில் யாருக்குக் கஷ்டமோ அவர் கையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத இரவில்தானே உங்களுக்கு அது தேவைப்படும்?

இர்விங்கிலிருந்து ஒரு வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன், மனைவி எச்-4. டெக்சஸில் பெர்மிட் கூட வேண்டாமே, 9 மி.மீ. ஒன்று வாங்கலாமா? என்ன மாடல் நல்லது?

வாங்க வேண்டாம், தம்பி. மாடல் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் 'தகுதியுள்ள' என்பதை முடிவு செய்வதில் ஃபெடரல் சட்டத்துக்கும் பங்கு உண்டு. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் அந்தச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் அதில் அடங்கும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. வேலை, விசா, வரிசையில் நிற்கும் கிரீன் கார்டு எல்லாம் அதோடு போகும்.

வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு என்று அலுவலக நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் உங்கள் விசாவும் உங்கள் நிலைமையும் அதில் சரியாகப் பொருந்துகிறதா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்காமல் கடை வாசலை மிதிக்காதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதே கணக்கில்தான் வரும். வீட்டில் ஒருவர் கிரீன் கார்டு, மற்றவர் விசா என்றிருக்கும் குடும்பங்களும் கவனிக்க வேண்டும். துப்பாக்கிப் பெட்டியின் சாவி விசாவில் இருப்பவர் கைக்கு எட்டினால் அவர் 'வைத்திருக்கிறார்' என்றே வாதிட முடியும்.

கிரீன் கார்டு வந்ததும் எழுதுங்கள். அதுவரை நல்ல கதவு, படுக்கையறைக்கு உறுதியான பூட்டு, கையில் சார்ஜ் உள்ள போன் இருக்கட்டும்.

கேட்டியிலிருந்து ஒரு வாசகி: எனக்கு 61 வயது. கடை வைத்திருக்கிறேன், இரவு பத்து மணிக்கு நானே பூட்டிவிட்டுக் கிளம்புவேன். விரல் மூட்டுகளில் வாதம். ஸ்லைடை இழுக்க முடியவில்லை. .22 அல்லது .380 போதுமா அம்மா?

அம்மா, முதலில் ஒன்று. ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல்பகுதி, அதைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். ஸ்லைடை இழுக்க முடியாதவர்கள் பெரும்பாலும் வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையின் இரண்டு விரலால் பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பற்றுங்கள். இப்போது ஸ்லைடை அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளுங்கள். விரல் வேலை குறைந்து தோள் வேலை செய்யும். என் வகுப்புக்கு வந்த பெரியவர்களில் பலருக்கு இது ஒன்றிலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

அப்படியும் முடியவில்லை என்றால் .380. 1908-இல் வந்த, 9 மி.மீ.-இன் குட்டையான உறவு. சக்தி 9-இல் பாதிக்குச் சற்று மேல். சில .380 ஹாலோ பாயின்ட்கள் துணி வழியாகப் போகும்போது குழி அடைபட்டு விரிவதே இல்லை, விரிந்தவை பல நேரம் 12 அங்குலத்தை எட்டுவதில்லை. அதனால் தோட்டாவைப் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டி .380-களைக் காட்டி "பெண்களுக்கு ஏற்றது" என்பார்கள். எடை குறைவு, பிடி சின்னது, அதனால் உதை கையை அறைவதுபோல் இருக்கும். வாதம் உள்ள விரலுக்கு அது வேதனை. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் பெரிய உடல் கொண்ட, மெல்லிய ஸ்பிரிங் போட்ட .380. ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு இ.இசட். போன்றவை ஸ்லைடு இழுக்கச் சிரமப்படுபவர்களை நினைத்தே செய்யப்பட்டவை. அதே பெயரில் 9 மி.மீ.-உம் இருக்கிறது, அதையும் இழுத்துப் பாருங்கள்.

ரிவால்வர் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். ஸ்லைடு இல்லை என்பது சரி. ஆனால் .38 ஸ்பெஷல் சின்ன ரிவால்வர்களில் டிரிகரை ஒவ்வொரு முறையும் நீளமாக, பன்னிரண்டு பவுண்டு அளவுக்கு அழுத்தி இழுக்க வேண்டும். உங்கள் விரலுக்கு அதுதான் பெரிய சோதனை. அலுமினிய உடல் போட்ட அரைக் கிலோவுக்கும் குறைவான ரிவால்வரின் உதை, பழகியவர்களையே முகம் சுளிக்க வைக்கும்.

.22-ஐ நான் கடைசியில் வைப்பேன். உதையே இல்லை, விலை மலிவு, பயிற்சிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதில் தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமர் தனியாக இருக்காது, விளிம்பில்தான் வெடிமருந்து பூசியிருக்கும். அதனால் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். வேறு எதையும் உங்கள் கையால் இயக்க முடியாது என்றால் மட்டும், பத்துக்குப் பத்தும் நம்பிக்கையாகச் சுடும் .22-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்காத 9-ஐவிட அது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் அம்மா. பத்து மணிக்குத் தனியாகப் பூட்டுவதை நிறுத்த வழி இருக்கிறதா பாருங்கள். கல்லாப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் கார் வரை நடப்பதுதான் ஆபத்து. பணம் கேட்டு ஒருவன் துப்பாக்கியை நீட்டினால் கொடுத்துவிடுங்கள். அவன் துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கிறது, உங்களுடையது பைக்குள் இருக்கிறது.

எடிசன், நியூ ஜெர்ஸி வாசகர்: எங்கள் மாநிலத்தில் ஹாலோ பாயின்டே சட்டவிரோதம் என்கிறார்களே?

முழுக்க அப்படி இல்லை. உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கும், ரேஞ்சுக்கும் முறைப்படி கொண்டுபோகலாம். வெளியில் இடுப்பில் வைத்துக்கொண்டு போவதில்தான் கட்டுப்பாடு. மேகசினில் பத்துக்கு மேல் கூடாது என்பதும் அங்கே சட்டம். கைத்துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வாங்கும் அனுமதி தேவை. ஒவ்வொரு மாநிலமும் வேறு வேறு, டெக்சஸில் நான் சொல்வதை அங்கே அப்படியே செய்யாதீர்கள்.

ஃபிரிஸ்கோ வாசகர்: அப்பார்ட்மென்டில் இருக்கிறோம். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. சுவரைத் துளைக்காத காலிபர் எது?

அப்படி ஒன்று இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் செங்கல் சுவருக்குப் பழகியவர்கள் நாம். இங்கே அறைக்கும் அறைக்கும் நடுவில் மரச்சட்டம், இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. ஆளை நிறுத்தக் கூடிய எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் அந்த மாதிரிச் சுவர் இரண்டு மூன்றைத் தாண்டிப் போகும். .22 கூடப் போகும். ஹாலோ பாயின்ட் ஜிப்சத்தைத் துளைக்கும்போது குழிக்குள் அந்தத் தூள் அடைத்துக்கொண்டு விரியாமலே போய்விடுவதும் உண்டு, அப்போது அது சாதாரண உருண்டைக் குண்டு போலவே ஓடும். ஹாலோ பாயின்டின் பயன், குறியில் பட்ட குண்டு ஆளின் உடலுக்குள்ளேயே நிற்க வாய்ப்பு அதிகம் என்பதில் இருக்கிறது. உருண்டை முனை 9 மி.மீ. ஜெலட்டினில் இரண்டடிக்கு மேல் போகும், அதாவது ஆளைத் தாண்டியும் போகும். குறி தவறிய குண்டுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஆகவே நீங்கள் காலிபரை விட்டுவிட்டு வீட்டின் வரைபடத்தை எடுங்கள். படுக்கையறையில் எந்த மூலையில் நின்றால், வாசலை நோக்கிச் சுடும்போது குழந்தையின் அறை குண்டின் பாதையில் வராது? பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கை எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்? மேல்வீடு, கீழ்வீடு? பகலில் நடந்து பாருங்கள். சத்தம் கேட்டதும் முதல் வேலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரே அறைக்கு வந்து கதவைப் பூட்டுவது. ஒருவர் 911-இல் பேச வேண்டும், மற்றவர் கதவைப் பார்த்து அந்த மூலையில் இருக்க வேண்டும். திருடனைத் தேடி ஹாலுக்குப் போகக் கூடாது. அவன் டி.வி.யை எடுத்துக்கொண்டு போகட்டும்.

நல்ல கை விளக்கு ஒன்றும் வாங்குங்கள். இருட்டில் வந்து நிற்பது குடித்துவிட்டு வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். யாரென்று தெரியாமல் டிரிகரில் விரல் போகக் கூடாது.

சாண்ட்லர், அரிசோனாவிலிருந்து ஒரு தாய்: வீட்டில் 9 மி.மீ. இருக்கிறது. 16 வயது மகன் சில மாதமாக யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடும் தூக்கமும் சரியில்லை. அதற்குப் பதில் சின்னக் காலிபர் வைத்துக்கொண்டால் ஆபத்து குறையுமா என்று அவன் அப்பா கேட்கிறார்.

குறையாது. இந்தக் கடிதத்தை அச்சுக்குப் போகும்வரை நான் வைத்திருக்கவில்லை, உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே எடுங்கள். இன்றைக்கே. சட்டப்படி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள உறவினர் வீட்டிலோ, பாதுகாத்து வைக்கும் கடையிலோ, ரேஞ்சிலோ கொடுங்கள், உள்ளூர் போலீஸிடமும் வழி கேட்கலாம். தோட்டாவையும் சேர்த்து எடுங்கள். பெட்டியில் பூட்டியிருக்கிறது, எண் அவனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எண்ணும் தெரியும், சாவி இருக்கும் இடமும் தெரியும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் வரக்கூடும் என்பது ஒரு சந்தேகம். உங்கள் பிள்ளை சாப்பிடாமல் இருப்பது கண்ணெதிரே நடப்பது.

அப்புறம் அவனிடம் நேராகக் கேளுங்கள், "சாகணும் போல இருக்கா கண்ணா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 988 என்ற எண்ணை இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அவன் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை யோசிக்கும் நேரம் இதுவல்ல.

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகள் உங்கள் பத்தியை அனுப்பி வைத்தாள். தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டும். பல்லடம், சிவகிரிப் பக்கம் நடந்ததைப் படித்த பிறகு தூக்கம் வருவதில்லை. 9 மி.மீ. பிஸ்டலுக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

ஐயா, தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்கள் கொல்லப்பட்டதைப் படித்து நானும் கலங்கினேன். உங்கள் பயம் நியாயமானது.

9 மி.மீ. அங்கே தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது, சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்காது. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 தான். கான்பூர் தொழிற்சாலை தயாரிக்கும் .32 ரிவால்வர்தான் பலரிடமும் இருக்கிறது. 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் விட்டார்களே, அதுவும் .32 தான். அந்தத் தோட்டாவின் சக்தி 9 மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உதை மிகக் குறைவு, குறி நன்றாக விழும். அதைக் குறையாக நினைக்காமல் பழகினால் போதும். '12 போர்' எனப்படும் ஷாட்கனுக்கும் விண்ணப்பிக்கலாம், வீட்டுக் காவலுக்குச் சக்தியில் அது எங்கேயோ மேலே, ஆனால் நீளமானது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிடைத்தாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த வாரங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

லைசென்ஸ் வருவதற்குள் செய்ய வேண்டியவை நிறைய. வாசலுக்கு இரும்புக் கிரில், நாலு பக்கமும் அசைவு பட்டால் எரியும் விளக்கு, மகள் போனில் தெரியும் கேமரா, நல்ல நாய் இரண்டு. ராத்திரி நாய் குரைத்தால் கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்காதீர்கள். உள்ளேயே இருந்து விளக்கைப் போட்டு, போனை எடுங்கள். இரவு ரோந்தில் உங்கள் தோட்டத்தையும் சேர்க்கச் சொல்லி ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

ரவுண்ட் ராக் வாசகர்: .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம் என்கிறார் நண்பர். 9 மி.மீ. பிஸ்டலில் .380 போடலாமா?

முதலாவது சரி. .38 ஸ்பெஷல் அதே விட்டம், நீளம் கொஞ்சம் குறைவு, .357 ரிவால்வரில் பாதுகாப்பாகச் சுடலாம். பயிற்சிக்கு நல்லதும்கூட. திருப்பிச் செய்யக் கூடாது. .38-க்குச் செய்த ரிவால்வரில் .357 போடுவது ஆபத்து, பெரும்பாலும் உள்ளே இறங்கவே இறங்காது.

இரண்டாவது கூடாது. .380 குட்டையானது, 9 மி.மீ. பிஸ்டலின் குழலில் தோட்டா உட்காரும் அறையில் அது சரியாகப் பொருந்தாது. பிஸ்டலின் குழலில் என்ன பொறித்திருக்கிறதோ, தோட்டாவின் பின்பக்க வட்டத்திலும் அதே காலிபர் இருக்க வேண்டும். 'பிளஸ் பி' என்று போட்டிருந்தால் அது கூடுதல் அழுத்தம், உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள். ரேஞ்சில் இரண்டு காலிபரை ஒரே மேசையில் பிரித்து வைக்காதீர்கள். ஒன்றைச் சுட்டு முடித்து, பெட்டியை மூடிப் பைக்குள் போட்ட பிறகு அடுத்ததைத் திறங்கள்.